நினைவகப் பெருக்கமும் கணினி விளையாட்டும்

கருவியொன்று தளர்ந்து இயங்குங்கால், அத்தளர்ச்சிக்குக் காரணம் யாதென்று நாடாமல், பலரும் புகழும் ஓர் உறுப்பை வாங்கி அதனோடு சேர்த்துவிடுதல் மக்கள் இயல்பு. இவ்வியல்பு நம் மாணவரிடத்து மடிக்கணினியைப் பொறுத்து மிகுந்து காணப்படுகின்றது. திரையில் விளையாட்டு தட்டுத்தடுமாறி ஓடுமாயின், 'ராம் போதவில்லை. இன்னும் 8 ஜி.பி. போட்டுவிடு' என்பதே விடுதியில் முதற்கண் எழும் அறிவுரை. கடையிற் கேட்டாலும் பெரும்பாலும் அதுவே விடையாகக் கிடைக்கும். இவ்வறிவுரை சிலர்க்கு நற்பயன் தந்துள்ளது; சிலர்க்குச் சிறிதும் பயன் தரவில்லை. ஒரே மருந்து ஒருவனைக் குணப்படுத்தி மற்றொருவனை இருந்தவாறே விட்டுவிடுமாயின், அவ்விருவர்க்கும் நோய் வேறு வேறு என்பதன்றோ பொருள்? ஆகவே, நினைவகத்தைப் பெருக்குதல் எவ்விடத்துப் பயன்படும், எவ்விடத்துப் பயன்படாது, பணம் செலவிடுமுன் அதனை அறிவது எங்ஙனம் என்னும் மூன்றனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி முன்னையினும் இப்பொழுது இன்றியமையாததாயிற்று. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கென அமைக்கப்பெறும் பெருங் கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருவாரியாகக் கொள்ளத் தொடங்கியமையால், அவற்றின் விலை உலகெங்கும் வெகுவாக ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த தன் 'குரூசியல்' வாணிகத்தைக் கைவிடுவதாகவே அறிவித்தது. வீட்டிலிருந்து வரும் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் மாணவர்க்கு இச்செலவு அற்பமானதன்று. பயன்படாத இடத்தில் அதனைச் செலவிட்டால் பணமும் போகும், குறையும் நீங்காது, உண்மைக் காரணத்தைத் தேடும் ஊக்கமும் குன்றும்.

விளையாட்டைப் பற்றிய கட்டுரை கல்லூரி மலரில் இடம்பெறுதல் தகுமோ என்று ஐயுறுவாரும் இருக்கலாம். கணினியின் எல்லா உறுப்புகளையும் ஒருங்கே வருத்தி வேலை வாங்குவது விளையாட்டைப் போல் வேறொன்று மாணவர் கையில் இல்லை. ஆகலின், கருவியின் இயல்பை ஆராய்ந்தறிவதற்கு அது சிறந்ததோர் சோதனைச் சாலையாகும் என்பதே நம் விடை.

1. முன்னேற்றம் என்பது யாது?

விளையாட்டு 'நன்றாக ஓடுகின்றது' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. அவற்றைப் பிரித்தறியாமையே பல வாதங்களுக்குக் காரணம்.

திரையில் நாம் காணும் அசைவு உண்மையில் அசைவன்று; ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றும் அசையாப் படங்களின் வரிசையேயாம். வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமெனின், ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிவினாடிக்குள் கணினி வரைந்து முடித்தல் வேண்டும். 30 படங்கள் போதுமெனின் 33.3 மில்லிவினாடி கிடைக்கும். இவ்வெண்ணிக்கையின் சராசரியே முதற் பொருள்.

இரண்டாம் பொருள் ஒழுங்கு. ஒரு வினாடியில் 45 படங்கள் உரிய காலத்தில் வந்து, ஒரே ஒரு படம் மட்டும் கால் வினாடி தாமதித்ததென்று கொள்வோம். கணக்கிட்டால் அவ்வினாடியில் 46 படங்கள். எண்ணளவில் இது குறையெனத் தோன்றாது. ஆயினும் ஆடுவோன் கண்ணுக்கு அந்தக் கால் வினாடி ஒரு பெரிய தடுக்கல். ஆற்றின் சராசரி ஆழம் முழங்காலளவே என்று கேட்டு இறங்கியவன் மடுவில் அமிழ்ந்ததைப் போன்றது இது. இதனாற்றான், முறையாக அளப்போர் சராசரியோடு நில்லாமல், மிகத் தாமதித்து வந்த நூற்றில் ஒரு பங்குப் படங்களின் வேகத்தையும் தனியே குறிக்கின்றனர்.

இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க. நினைவகத்தைப் பெருக்குவதால் விளையும் பயன் பல இடங்களில் சராசரியில் தோன்றாது, ஒழுங்கிலேயே தோன்றும்.

2. நினைவகத்தின் தொழில்

1945-ஆம் ஆண்டில் ஜான் வான் நியூமன் என்னும் கணித அறிஞர், எட்வாக் என்னும் கணினியைப் பற்றி எழுதிய அறிக்கையில், கணக்கிடும் உறுப்பு வேறு, நினைவில் வைக்கும் உறுப்பு வேறு எனப் பிரித்துரைத்தார். அப்பிரிவு இன்றளவும் மாறவில்லை. இன்றைய நினைவகச் சில்லுக்கு அடிப்படையான அமைப்பிற்கு ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்றார். 1970-இல் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த '1103' என்னும் சில்லு 1,024 பிட்டுகளையே கொள்ளும். இன்று மாணவர் கைக்கொள்ளும் 16 ஜி.பி. நினைவகத்திற்கு அத்தகைய சில்லுகள் 13 கோடியே 42 லட்சம் வேண்டும். இவ்வளவு பெருகியும் அதன் தொழில் மட்டும் பெருகவில்லை. அது கணக்கிடாது, படம் வரையாது, கணக்கிடுவோர்க்கு வேண்டிய பொருளைக் கையெட்டும் இடத்தில் வைத்திருக்கும், அவ்வளவே.

விடுதிச் சமையற்கூடத்தை நோக்கினால் இது தெளிவாகும். சற்றுத் தொலைவிலுள்ள உக்கிராண அறையில் அரிசி, பருப்பு, மிளகாய் முதலிய எல்லாம் நிறைந்து கிடக்கும். அங்கிருந்து அன்றைய சமையலுக்கு வேண்டியவற்றை மட்டும் கொணர்ந்து அடுப்பருகே உள்ள மேடைமேல் பரப்பிவைப்பர். சமையற்காரர் மேடையிலிருந்து எடுத்துச் சமைப்பார். மேடைக்கும் அடுப்புக்கும் இடையே பொருள் எடுத்துக் கொடுக்க ஏவலாள் ஒருவரோ இருவரோ நிற்பர். உக்கிராணம் கணினியின் வட்டு, மேடை நினைவகம், சமையற்காரர் செயலி, எடுத்துக் கொடுக்கும் ஆட்கள் நினைவகத்தின் தடங்கள், பந்தியிற் பரிமாறப்படும் உணவே திரையில் தோன்றும் படம்.

மேடைக்கும் உக்கிராணத்துக்கும் உள்ள தொலைவு எத்துணைப் பெரிது என்பதை எண்களாற் காண்போம். நினைவகத்திலிருந்து ஒரு பொருளை எடுக்கச் செயலிக்கு ஏறக்குறைய 100 நானோ வினாடி செல்லும். எஸ்.எஸ்.டி. வட்டிலிருந்து எடுக்க அதனினும் ஏறத்தாழ 1,000 மடங்கும், சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க ஏறத்தாழ 1,00,000 மடங்கும் காலம் செல்லும். மேடையிலிருந்து எடுக்க ஒரு வினாடி ஆகுமென்று வைத்தால், எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்கப் பதினேழு நிமிடமும், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேலும் ஆகும் என்பது கணக்கு. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கக் கடுகுக்காக ஒரு நாள் காத்திருப்பது எத்தகையதோ, அத்தகையது நினைவகத்தில் இடமின்றி வட்டை நாடுதல்.

3. பயன்படும் முதல் இடம்: இடக்குறை

மேடை சிறிதாயின் யாது நிகழும்? புதிய பொருளை வைக்க இடமின்றிப் பழைய பொருளை உக்கிராணத்துக்குத் திருப்பியனுப்புவர், சிறிது நேரத்தில் அதுவே மீண்டும் வேண்டியிருக்கும், மறுபடியும் ஓடுவர். சமையற்காரர் எத்துணை வல்லவராயினும் கைகட்டி நிற்க நேரும். விளையாட்டில் புதியதோர் தெருவிற்குள் நுழையும்போதும், கதவு திறந்து வேற்றிடம் புகும்போதும் திரை உறைந்து நிற்பது பெரும்பாலும் இதனாலாகும்.

விளையாட்டுகள் கேட்கும் இடமும் ஆண்டுதோறும் பெருகி வந்துள்ளது. 2015-இல் கணினிக்கு வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' குறைந்த அளவாக 4 ஜி.பி. கேட்டது. 2020-இல் வெளிவந்த 'சைபர்பங்க் 2077' முதலில் 8 ஜி.பி. கேட்டு, 2023-இல் தன் குறைந்த அளவை 12 ஜி.பி. என உயர்த்திக்கொண்டது. 2022-இல் வந்த 'எல்டன் ரிங்' 12 ஜி.பி.யும், 2023-இல் வந்த 'ஹாக்வார்ட்ஸ் லெகசி' 16 ஜி.பி.யும் குறைந்த அளவாகக் கேட்டன. இவ்வளவும் விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. இயங்குதளத்தையும் சேர்த்துச் சொல்லப்பட்டது. ஆயினும் உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்து, நண்பரோடு பேசும் செயலியையும் ஓடவிட்டு, அதன்மேல் விளையாட்டைத் தொடங்கும் வழக்கத்தை அதனை வகுத்தோர் கணக்கிற் கொள்ளவில்லை.

ஆகவே, 8 ஜி.பி. உள்ள மடிக்கணினியில் 12 அல்லது 16 ஜி.பி. கேட்கும் விளையாட்டை ஆடுவோர் நினைவகத்தை 16 ஜி.பி.யாக்கினால், தடுக்கல்கள் நீங்குதலைக் கண்கூடாகக் காண்பர். சராசரி சிறிதே உயரலாம். ஒழுங்கு பெரிதும் உயரும். அதே விளையாட்டுக்கு 16-இலிருந்து 32-ஆக உயர்த்தினால் அத்தகைய மாற்றம் தோன்றாது. பொருளெல்லாம் வைத்த பின்னும் மேடையில் வெற்றிடம் இருக்குமாயின், மேடையை இன்னும் நீட்டுவதனாற் சமையல் விரையாது.

4. பயன்படும் இரண்டாம் இடம்: ஒற்றைத் தடம்

இனிக் கூறப்படுவது பலரும் அறியாதது. ஆயினும் நம் மாணவரிற் பலர்க்கு மிகவும் வேண்டப்படுவது.

படம் வரையும் தொழிலைச் செய்யும் உறுப்பு ஜி.பி.யு. எனப்படும் வரைவியற் செயலி. இது மடிக்கணினிகளில் இருவகையாக அமைந்துள்ளது. ஒருவகை, தனக்கென்று தனி நினைவகம் படைத்த தனிச் செயலி. மற்றொரு வகை, மையச் செயலியின் உள்ளேயே அடங்கி, தனக்கென நினைவகமின்றிப் பொது நினைவகத்தையே பகிர்ந்துகொள்வது. விலை குறைந்த மடிக்கணினிகள் பெரும்பாலும் இரண்டாம் வகையின. ஒரு மேடையை இரு சமையற்காரர் பகிர்ந்துகொள்ளும் நிலை இது.

இந்நிலையில் இடத்தைவிட, பொருள் எடுத்துக் கொடுக்கும் வேகமே முதன்மையாகும். டி.டி.ஆர். 4 வகையில் 3200 வேகமுள்ள ஒரு ராம் ஸ்டிக், ஒரு தடத்தில் வினாடிக்கு 25.6 ஜி.பி. வரை கொடுக்க வல்லது. அதே வகையில் இரண்டு ஸ்டிக்குகளை இரு தடங்களிற் செருகினால் 51.2 ஜி.பி. கிடைக்கும். டி.டி.ஆர். 5 வகையில் 5600 வேகமுள்ளதாயின் ஒரு தடத்தில் 44.8, இரு தடங்களில் 89.6. மாறாக, ஆர்.டி.எக்ஸ். 4060 என்னும் தனிச் செயலியின் மடிக்கணினி வகை தன் சொந்த நினைவகத்திலிருந்து வினாடிக்கு 256 ஜி.பி. பெறுகின்றது. இவ்வெண்களை ஒப்பிட்டு நோக்கினால், ஒற்றைத் தடத்தில் மாட்டிக்கொண்ட உட்செயலி எத்துணை வறுமையில் உழல்கின்றது என்பது தெற்றென விளங்கும். அதிலும் அந்த 25.6 முழுவதும் அதற்கு உரியதன்று. மையச் செயலியும் அதிலேயே பங்கு கேட்கும்.

இதற்கு உற்பத்தியாளரே சான்று. இன்டெல் நிறுவனம் 2020-இல் கொணர்ந்த 'ஐரிஸ் எக்ஸ்-இ' என்னும் உட்செயலி, இரு தடங்களில் நினைவகம் இருந்தாலன்றி அப்பெயரைப் பெறாது. ஒற்றைத் தடமாயின் அதே செயலி 'யு.எச்.டி.' என்னும் தாழ்ந்த பெயராற் குறிக்கப்படும். பெட்டியின்மேல் ஒட்டிய பெயரைக் கண்டு வாங்கி, கணினியில் வேறு பெயரைக் கண்டு மயங்குவோர்க்கு விளக்கம் இதுவே.

ஆகவே, உட்செயலியும் ஒரே ஸ்டிக்கும் உடைய மடிக்கணினியில் இரண்டாவது ஸ்டிக்கைச் சேர்த்தல், இடத்தையும் பெருக்கும், தடத்தையும் இரட்டிக்கும். சராசரி வேகமே கண்ணுக்குப் புலப்படுமாறு உயர்வது இவ்விடத்திலேதான். அன்றியும், விண்டோஸ் இயங்குதளம் பொது நினைவகத்திற் பாதிவரையே உட்செயலிக்குப் பகிர்ந்தளிக்கும். 8 ஜி.பி.யில் 4 ஆகிய அவ்வெல்லை, 16 ஜி.பி.யில் 8 ஆக உயர்தலும் ஓர் ஆதாயம்.

டி.டி.ஆர். 5 ஸ்டிக் ஒன்றே இரு தடங்களுக்குச் சமம் என்று விற்பனையாளர் சிலர் கூறுவதுண்டு. அதனுள் 32 பிட்டு அகலமுள்ள இரு சிறு தடங்கள் இருத்தல் உண்மையே. ஆனால் இரண்டையும் கூட்டினாலும் 64 பிட்டே. பழைய ஒற்றைத் தடத்தின் அகலமும் அதுவே. ஓர் ஆளின் இரு கைகளை இரண்டு ஆட்களாக எண்ணுவது போன்றது அக்கூற்று.

5. பயன்படாத இடம்

தனி வரைவியற் செயலி உள்ள மடிக்கணினியில், நினைவகம் ஏற்கெனவே 16 ஜி.பி. இரு தடங்களில் இருக்க, விளையாட்டு மெதுவாக ஓடுமாயின், குறை பெரும்பாலும் வரைவியற் செயலியின் வலிமையிலோ, அதன் சொந்த நினைவகத்தின் சிறுமையிலோ, வெப்பத்திலோ இருக்கும். பொது நினைவகத்தை எத்துணைப் பெருக்கினும் 4 ஜி.பி. உடைய தனிச் செயலியின் சொந்த நினைவகம் 4 ஜி.பி.யாகவே நிற்கும். அது நிரம்பிவிட்டால் செயலி பொது நினைவகத்தை நாடும் என்பது மெய்யே. ஆயின் அவ்வழி மிகவும் குறுகியதாகலின், படம் தடுமாறியே வரும்.

இதனைக் கணக்கினால் விளக்கலாம். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவுபடுத்தினால் முழு வேலையும் எத்துணை விரையும் என்னும் வினாவுக்கு ஜீன் ஆம்டால் என்னும் பொறியியலறிஞர் 1967-இல் அடிப்படை வகுத்தார். அவர் கருத்தின் சாரம் இது: விரைவுபடுத்தாத பகுதியின் காலத்துக்குக் கீழே மொத்தக் காலம் ஒருநாளும் குறையாது.

ஒரு படத்தை வரைய 40 மில்லிவினாடி ஆவதாகவும், அதில் பொது நினைவகத்துக்காகக் காத்திருக்கும் காலம் 4 மில்லிவினாடி எனவும் கொள்வோம். இப்பொழுது வினாடிக்கு 25 படங்கள். அக்காத்திருப்பு அடியோடு ஒழிந்ததென்றே வைத்துக்கொண்டாலும் 36 மில்லிவினாடி எஞ்சும். வினாடிக்கு ஏறத்தாழ 28 படங்கள். உலகிலுள்ள நினைவகமெல்லாம் வாங்கிச் செருகினாலும் 28-ஐத் தாண்ட இயலாது. வேறொரு கணினியில் ஒரு படத்துக்கு 30 மில்லிவினாடி ஆகி, அதிற் பாதி நினைவகக் காத்திருப்பாக இருக்குமாயின், அக்காத்திருப்பைப் பாதியாக்கிய அளவிலேயே 33 படங்கள் 44 ஆகும். ஒரே ஸ்டிக், ஒரே விலை. ஒருவர்க்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை, மற்றொருவர்க்கு மூன்றிலொரு பங்கு ஆதாயம். இருவர் கூற்றும் மெய்யே. அவரவர் கணினி வேறு என்பதே இருவரும் மறந்தது.

6. தடையும் விடையும்

'மிகுந்த நினைவகம் தீங்கு செய்யாதே, நாளைக்குப் பயன்படுமன்றோ?' என்பது ஒரு தடை. தீங்கு செய்யாது என்பதை உடன்படுகின்றோம். ஆயின் நாளை வரும் விளையாட்டுகள் நினைவகத்தை மட்டும் மிகுதியாகக் கேட்பதில்லை; வரைவியற் செயலியின் ஆற்றலையும் உடன் கேட்கும். செயலியை மாற்றுதல் மடிக்கணினிகளிற் பெரும்பாலும் இயலாது. மாறாத உறுப்பு முதுமையடையும்போது மாற்றிய உறுப்பு மட்டும் இளமையோடிருந்து யாது பயன்?

'விளையாட்டுக்குப் பயன்படாவிடினும் பாடத்துக்குப் பயன்படுமே' என்பது மற்றொரு தடை. இது வலிமையுடையது. பெரிய புள்ளிவிவரத் தொகுதிகளை ஆராய்வோர்க்கும், ஒளிப்படங்களைத் தொகுப்போர்க்கும், ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியை இயக்கிப் பயில்வோர்க்கும் மிகுந்த நினைவகம் உண்மையிலேயே வேண்டும். அக்காரணத்துக்காக வாங்குவோர் அக்காரணத்தைக் கூறியே வாங்கட்டும். விளையாட்டின் பெயரால் வாங்கிவிட்டுப் பின்னர்ப் பாடத்தைத் துணைக்கழைத்தல் வேண்டா.

7. அளந்தறியும் முறை

இனி, பணம் செலவிடுமுன் செய்யத்தக்க நான்கு சோதனைகளைக் கூறுகின்றோம். இவற்றுக்குக் காசு வேண்டா. அரைமணி நேரம் போதும். மின்னூட்டியைச் செருகிய நிலையிலேயே இவற்றைச் செய்க. மின்கலத்தில் மட்டும் ஓடுங்கால் கணினி தன் வலிமையைத் தானே சுருக்கிக்கொள்ளும்.

முதற் சோதனை: விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' தோன்றும். அதிற் 'பெர்ஃபாமன்ஸ்' என்னும் பகுதியில் 'மெமரி' என்பதை நோக்குக. நினைவகத்தின் அளவு, வேகம், செருகுவாய்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்பன அங்கே காணப்படும். இரண்டில் ஒன்றே நிரம்பியிருந்தால் ஒற்றைத் தடம் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இரண்டாம் சோதனை: விளையாட்டைக் கால்மணி நேரம் ஆடிவிட்டு, அதனை மூடாமலே அப்பக்கத்தை மீண்டும் நோக்குக. பயன்பாட்டிலுள்ள அளவு முழு அளவை நெருங்கியிருக்கின்றதா? எண்பது விழுக்காடு நிரம்பியுள்ளது என்பது மட்டும் குறைக்குச் சான்றாகாது. மேடையிற் பொருள் நிறைந்திருத்தல் நன்றேயன்றித் தீதன்று. தடுக்கல் தோன்றும் அதே வேளையில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்னும் கருவியில் 'ஹார்ட் ஃபால்ட்' என்னும் எண்ணிக்கை இடைவிடாது எழுமாயின், இடக்குறையை ஐயுறுதற்கு அதுவே தக்க சான்று. நினைவகத்தில் இல்லாத பொருளுக்காக வட்டை நாடிய தடவைகளை அவ்வெண் குறிக்கும். உலாவியையும் பிற செயலிகளையும் மூடிவிட்டு மறுபடி ஆடிப் பார்க்க. தடுக்கல் குறைந்தால் ஐயம் உறுதிப்படும். பலர்க்கு அம்மூடுதலே போதிய மருந்தாகவும் அமையும்.

மூன்றாம் சோதனை: விளையாட்டின் அமைப்பில் படத்தின் நுணுக்கத்தை 1920-க்கு 1080 என்பதிலிருந்து 1280-க்கு 720 ஆகக் குறைக்க. வரைய வேண்டிய புள்ளிகள் 20,73,600-இலிருந்து 9,21,600 ஆகின்றன. அஃதாவது, வரையும் வேலை பாதிக்கும் கீழாகின்றது. உடனே வேகம் மிகுந்தால், குறை வரைவியற் செயலியிடத்தோ அது பெறும் நினைவக வேகத்திடத்தோ உள்ளது. தனிச் செயலி உடையார்க்கு ஸ்டிக் வாங்குவதாற் பயனில்லை. உட்செயலியும் ஒற்றைத் தடமும் உடையார்க்குப் பயனுண்டு. வேகம் மாறாதிருப்பின், மையச் செயலியையும் நினைவகத்தையும் ஐயுறுக.

நான்காம் சோதனை: தொடக்கத்தில் நன்றாக ஓடிய விளையாட்டு பத்து நிமிடத்திற்குப் பின் தளர்கின்றதா என்று நோக்குக. அங்ஙனமாயின் வெப்பமே காரணமாதல் கூடும். வெப்பம் மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். விசிறியின் தூசியைத் துடைத்தலும், மெத்தைமேல் வையாது பலகைமேல் வைத்தலும் இதற்குரிய மருந்து. மெத்தைமேல் வைத்தாடும் வழக்கம் விடுதியில் எத்துணைப் பரவியது என்பதை நாம் சொல்ல வேண்டுவதின்று.

8. வாங்குவோர்க்குச் சில குறிப்புகள்

சோதனையின் முடிவு நினைவகத்தையே சுட்டுமாயின், வாங்குமுன் பின்வருவனவற்றை உறுதி செய்க.

பல மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனைப் பெருக்க வழியே இல்லை. டாஸ்க் மேனேஜரில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று காணப்படுமாயின் அவ்வாறே ஐயுறுக. சிலவற்றில் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டு, கூடுதலாக ஒரு செருகுவாய் இருக்கும். உற்பத்தியாளரின் கையேட்டைப் பார்த்துத் தெளிதல் நலம்.

டி.டி.ஆர். 4 ஸ்டிக்கில் 260 முனைகளும் டி.டி.ஆர். 5 ஸ்டிக்கில் 262 முனைகளும் உள்ளன. வெட்டுவாயும் இடம் மாறியிருக்கும். ஒன்றன் செருகுவாயில் மற்றொன்று பொருந்தாது. வலிந்து செருகினால் கணினியே கெடும். வேகம் மாறுபட்ட இரு ஸ்டிக்குகளைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். ஆகவே மிகை வேகத்துக்கு மிகை விலை கொடுத்தல் வீண். முன்னுள்ள 8 ஜி.பி.யோடு மற்றொரு 8 ஜி.பி. சேர்த்தலே பொதுவாகச் சிக்கனமும் பொருத்தமும் உடையது. 8-உடன் 16 சேர்த்தால், பல கணினிகளில் ஒத்த அளவு மட்டும் இரு தடங்களில் ஓடி, எஞ்சிய 8 ஒற்றைத் தடத்தில் ஓடும். ஸ்டிக்கைச் செருகுமுன் மின்னிணைப்பை நீக்கி, உலோகமொன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்க. உத்தரவாதக் காலம் முடியாதிருப்பின், பின்மூடியைத் திறத்தல் அதனைப் பாதிக்குமா என்பதையும் முன்னரே கேட்டறிக.

9. மூவர் நிலை

மேற்கூறியவற்றை மாணவர் மூவரின் நிலையில் வைத்துப் பொருத்திக் காண்போம். முதல் மாணவரிடம் உட்செயலியும் 8 ஜி.பி. ஒரே ஸ்டிக்கும் உள்ள கணினி இருக்கின்றது. ஒரு செருகுவாய் காலி. அவர் மற்றொரு 8 ஜி.பி. வாங்குவாராக, இடமும் தடமும் ஒருங்கே பெறுவார். இரண்டாம் மாணவரிடம் தனிச் செயலியும், இரு தடங்களில் 8 ஜி.பி.யும் உள்ளன, எளிய விளையாட்டுகள் நன்கு ஓடுகின்றன, 16 ஜி.பி. கேட்கும் விளையாட்டு மட்டும் தடுக்கின்றது. அவரும் பெருக்கலாம், ஆயின் இரு ஸ்டிக்குகளையும் நீக்கிப் புதியன வாங்க வேண்டியிருக்கும் ஆகலின், அவ்வொரு விளையாட்டு அவ்வளவு பெறுமோ என்று தம்மையே வினவிக்கொள்வாராக. மூன்றாம் மாணவரிடம் 4 ஜி.பி. சொந்த நினைவகமுள்ள தனிச் செயலியும், 16 ஜி.பி. பொது நினைவகமும் உள்ளன. படத்தின் நுணுக்கத்தைக் குறைத்தவுடன் வேகம் கூடுகின்றது. அவர் ஒன்றும் வாங்க வேண்டா. நுணுக்கத்தைக் குறைத்து ஆடுவதோ, விசிறியைத் துடைப்பதோ அவருக்குப் போதும்.

மூவர்க்கும் நண்பர் கூறிய அறிவுரை ஒன்றே. முதல்வர்க்கு அது மருந்தாயிற்று. இரண்டாமவர்க்கு அரை மருந்தாயிற்று. மூன்றாமவர்க்கு வீண் செலவாயிற்று. அறிவுரை பிழையன்று, அளவாமற் கூறியதே பிழை.

முடிவுரை

நினைவகத்தைப் பெருக்கினால் விளையாட்டு விரையுமா என்னும் வினாவுக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவோர் இருவரும் பாதியே அறிந்தவர். இடம் குறைந்த இடத்தில் அது தடுக்கலை நீக்கும்; உட்செயலி ஒற்றைத் தடத்தில் உழலும் இடத்தில் அது வேகத்தையே உயர்த்தும்; ஏனைய இடங்களில் அது வெறும் அலங்காரம். இம்மூன்றனுள் தம் கணினி எவ்வகை என்பதை அறிதல் மாணவர் ஒவ்வொருவர்க்கும் கைகூடுவதே. அதற்குக் கடைக்காரரையோ அண்டை அறை நண்பரையோ நம்பியிருக்க வேண்டுவதில்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வழக்கு. இயற்பியற் கூடத்தில் நாம் பயிலும் அளவை முறை கூடத்தின் வாயிலோடு நின்றுவிடாமல், நம் பணப்பையைத் திறக்கும் வேளையிலும் கைகொடுக்குமாயின், கற்றதன் பயனை நாம் அடைந்தோம் எனலாம். ஆகலின் மாணவ நண்பர்காள், ஸ்டிக் வாங்கப் புறப்படுமுன் அரைமணி நேரம் அளந்து பாருங்கள். அதன்பின் வாங்கினும் நன்று, வாங்காதொழியினும் நன்று.